தோற்ற நாளில் சொன்ன சொல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழர்களாகிய எங்களுக்குச் சென்னைப் படமும் கொச்சிப் படமும் ஒன்றுபோலவே சொந்தம். பக்கத்து வடவன்னூரைத் தாய்வழி ஊராகக் கொண்ட எம்.ஜி.ஆர்., 1936-இல் 'சதி லீலாவதி'யில் சிறு வேடமேற்று, 1947-இல் 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாகும் வரை காத்திருந்த கதையை இங்கே எவரும் சொல்வார்கள். ஆனால், நடிகருக்குத் தன்மீதே எழும் ஐயம் பற்றிப் பேச்சு வரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஃபகத் ஃபாசில்.

2002-இல் தந்தை ஃபாசிலின் இயக்கத்தில் அவர் அறிமுகமான 'கையெத்தும் தூரத்து' தோல்வியடைந்தபோது, தந்தையைக் குறை சொல்ல வேண்டாம், போதிய ஆயத்தமில்லாமல் நடிக்க வந்தது தம் தவறே என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றவர், 2009-இல் 'கேரளா கஃபே' என்னும் தொகுப்புப் படத்தின் ஒரு பகுதியில்தான் திரும்பி வந்தார். புகழ் வந்த பிறகு, 'எனக்கும் என்மீது ஐயம் இருந்தது' என்று மேடையில் சொல்வது நடிகர்களுக்கு ஓர் அணிகலனாகவே ஆகிவிட்டது. அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. (விருது விழாக்களில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.) படம் படுத்துவிட்ட நேரத்தில், இனி வாய்ப்பு வருமா என்பதே தெரியாத நிலையில், இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர் சொன்ன சொல்லுக்கு உள்ள எடை அந்தப் பேச்சுகளுக்கு இல்லை. தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று அடிமனத்தில் நம்புகிறவரால்தான் அப்படிப் பழியை ஏற்க முடியும் என்று நான் கருதுகிறேன். அந்த நம்பிக்கை இல்லாதவர் கதையையோ விளம்பரத்தையோ ரசிகரையோ குறை சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

மகனிடம் திறமையைக் கண்ட ஃபாசிலின் கணிப்பு பிழைத்ததா, காலம்தான் பிந்தியதா என்று இன்று கேட்டால், இரண்டாவதையே சொல்லத் தோன்றுகிறது. 1980-இல் வெளியான 'மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்க'ளுக்கான நடிகர் தேர்வில் மோகன்லாலை வில்லனாகத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அந்தத் தேர்வில் மோகன்லாலுக்கு நூற்றுக்கு இரண்டு மதிப்பெண் மட்டுமே கொடுத்ததாகச் சொல்லியிருப்பவர், பின்னாளில் இயக்குநரான சிபி மலையில். நடிகர்கள் தங்களை ஐயுறுவது இயல்பு; திறமையை அளக்கும் இடத்தில் இருந்தவர் தம் அளவுகோல் தவறியதைத் தாமே ஒப்புக்கொள்வது அரிது. அதே மோகன்லாலை வைத்து சிபி 1989-இல் 'கிரீடம்' எடுத்தார். 1991-இல் அவர் இயக்கிய 'பரதம்' மோகன்லாலுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.