சித்தப்பாவுக்கு விழுந்த யானை வெடி

எங்கட சித்தப்பா வயல் காவலுக்குப் போனா அந்தப் பக்கம் பன்றி வராது எண்டு ஊரில ஒரு கதை இருக்கு. தன்ர வீரம்தான் காரணம் எண்டு அவரும் நம்பிக்கொண்டு திரிஞ்சவர். முந்தநாள் விடியப்புறம் அந்த வீரத்துக்கு மேல வெடி விழுந்திட்டுது.

காலபோக நெல்லு முத்திற நேரம். முல்லைத்தீவில முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரம் எல்லாக் காவல் கொட்டிலிலயும் ஆள். மூண்டு மணி தாண்ட, சித்தப்பாவின்ர கொட்டிலுக்குள்ள இருந்து "ம்ம்ம்ம்ம்ம்" எண்டு ஒரே சுருதியில சங்கு ஊதினமாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் நிண்டு, திரும்ப "ம்ம்ம்ம்". பக்கத்துக் காணி மருமகன் யாழ்ப்பாணத்தால வந்து இது முதல் போகம். யானை எண்டு நினைச்சு, யானையை விரட்டிற வெடியைக் கொளுத்தி எறிஞ்சிட்டார். கிடுகு கருகி, சித்தப்பா சாரத்தைக் கொட்டிலிலயே விட்டிட்டு வாய்க்காலுக்குள்ள. டோர்ச் அடிச்சுப் பாத்த எல்லாருக்கும் காட்சி இலவசம்.

யானை வயலுக்குள்ள வந்து நிண்டு அனேகமா முனகாது ஐயா. அது தன்ர பாட்டில மேயும். கேக்கிறது தண்ணி சளசளக்கிறதும் நெல்லுப் பிடுங்கிற சரசரப்பும்தான். இது தெரியாத ஆளின்ர கையில வெடியைக் குடுத்தது ஆர்?

விடிய ஊர்க்கூட்டம். ஒருத்தர் காத்துக் கறுப்பு எண்டார், இன்னொருத்தர் நூல் கட்டச் சொன்னார், முக்காவாசிப்பேர் குறட்டை எண்டினம். குறட்டையும் இல்லை. இதுக்குப் பேர் கட்டாத்ரீனியா. நித்திரையில மூச்சை ஆழமா இழுத்து, கொஞ்சம் பிடிச்சு, பிறகு மெல்ல மெல்ல வெளியில விடேக்க வாற முனகல். ஒரு முனகல் ரெண்டு செக்கனும் இருக்கும், அரை நிமிசம் தாண்டியும் போகும். தொடங்கினா அடுக்கடுக்கா வரும், சிலவேளை ஒரு மணித்தியாலம் வரைக்கும். 1983ல பெல்ஜியத்தில ஒரு நோயாளியை வைச்சு இதைப் பற்றி எழுதினவை. கட்டாத்ரீனியா எண்ட பேர் 2001ல இத்தாலிக்காரர் எழுதின கட்டுரைக்குப் பிறகுதான் பரவினது. கிரேக்கத்தில ஒப்பாரி எண்டு பொருள் வாற சொல் அதுக்குள்ள இருக்கு. ஆனா துக்கத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. முனகிற ஆளின்ர முகம் அமைதியாத்தான் இருக்கும்.

பிரிச்சறியிறது லேசு. படுத்திருக்கிறவரின்ர வயித்தில கையை வையுங்கோ. வயிறு எழும்பேக்க சத்தம் வந்தா அனேகமாக் குறட்டை. தாழேக்க வந்தா இது. குறட்டை கரகரத்து ஏறி இறங்கும்; இது ஒரே சுருதி, முடிவில ஒரு சின்னச் செருமல். கனவு வாற நித்திரையிலதான் கூட வரும். அந்த நித்திரை விடியப்புறம் கூட, அதாலதான் முதல் சாமம் முழுக்க அமைதியாக் கிடந்த கொட்டில் மூண்டு மணிக்குப் பிறகு முழங்கினது. ஆளைத் தட்டி மற்றப் பக்கம் திருப்பினா கொஞ்ச நேரம் நிக்கும். வெடி தேவையில்லை.

டொக்டரிட்டைப் போறதெண்டா போனில சத்தத்தைப் பதிஞ்சுகொண்டு போங்கோ, மூச்சும் கேக்கிறமாதிரிக் கிட்ட வைச்சு. நித்திரைச் சோதனையில சத்தம் பதியாட்டில், வெளிமூச்சு நீளுறதை மூச்சு நிண்டுபோச்செண்டு பிழையா வாசிச்சுப் போடுவினம். இதில ஒட்சிசன் பெரும்பாலும் குறையாது. சிலருக்கு விடிய தொண்டை கரகரக்கும், அவ்வளவுதான். முகமூடி போட்டுக் காத்து அடிக்கிற மெசின் சிலருக்குச் சரிவரும். கொட்டிலில கறண்டுக்கு எங்க போறது?

மகன் அடுத்த இரவே பதிஞ்சு போட்டுக் காட்டினான். சித்தப்பா முழுக்கக் கேட்டிட்டு, "உது மருமகன்ர எருமை" எண்டார். முனகிறவைக்குத் தாங்கள் முனகிறது தெரியாது, அதுவும் இந்தக் கோளாறின்ர குணம்தான்.

சித்திதான் சிரிச்சவ. கலியாணம் கட்டின நாளில இருந்து கேக்கிறாவாம். "போரில இடம்பெயர்ந்து 2009ல மெனிக் பாம் முகாமில இருக்கேக்க பக்கத்துக் கூடாரச் சனம் விடிய விடியத் தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்தது. பாவம் மனுசன், இரவிரவா அழுதுகொண்டு கிடக்குது எண்டு. தங்களுக்கே இல்லாத சனம். நானும் ஒண்டும் சொல்லேல்லை. இவர் வாங்கிக் குடிச்சுப்போட்டு, சீனி காணாது எண்டவர்."