சென்ற முறை என்னைக் கவிழ்த்த டிரான்சிஸ்டர்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. பட்டியலில் என் நம்பரை இன்னும் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சென்ற முறை ஒரே மதிப்பெண்ணில் கணினி ஆசிரியர் வேலை கைநழுவியது. அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கணினித் தலைமுறைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: உள்ளே இருக்கும் முக்கியப் பாகம் மாற மாறக் கணினிகளை முதல், இரண்டாம் என்று பிரிப்பார்களே, அது. டேட்டா ஸ்ட்ரக்சருக்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சென்ற முறை வந்த கேள்வி: மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகமான டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு எது? விடைகளில் 1947உம் இருந்தது, 1956உம் இருந்தது. இரண்டாம் தலைமுறை தொடங்குவது 1956, அதன் அடையாளமே டிரான்சிஸ்டர். சரி என்று 1956க்கு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து புரட்டினால், பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் 1947 டிசம்பரிலேயே அதை இயக்கிக் காட்டியிருக்கிறார்கள். 1956 அவர்களுக்கும் ஷாக்லிக்கும் நோபல் பரிசு கிடைத்த ஆண்டு.

அன்றிரவே நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். பிறந்த வீடு என்றால் கண்டுபிடித்த ஆண்டு, புகுந்த வீடு என்றால் கணினிக்குள் வந்த ஆண்டு.

- டிரான்சிஸ்டர்: பிறந்தது 1947. ஐபிஎம் 7090 கணினிக்குள் புகுந்தது 1959.
- ஐசி (பல பாகங்களை ஒரே சில்லில் அடக்கியது): ஜாக் கில்பி செய்து காட்டியது 1958. மூன்றாம் தலைமுறை தொடங்குவதோ 1964.
- நுண்செயலி (கணினியின் மூளையே ஒரு சில்லில்): இன்டெல் 4004, 1971. வீட்டு மேசைக்கு வந்தது 1975, ஆல்டேர் 8800 கணினி. அதற்குள் இருந்தது இன்டெல் 8080 நுண்செயலி.
- ஐந்தாம் தலைமுறை: ஜப்பான் 1982இல் தொடங்கிய திட்டம். இது போதும்.

அப்புறம் டிஃப்ராக். மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய கணினி. ஆண்டைப் பார்த்தால் இரண்டாம் தலைமுறை, திறந்து பார்த்தால் உள்ளே முதல் தலைமுறையின் அடையாளமான வால்வு, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய். ஆக முதல் தலைமுறைதான். ஆண்டை நம்பாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதல் தலைமுறையின் குறைகளின் பட்டியல் எனக்கு மனப்பாடமே ஆகாது. தாத்தாவின் வால்வு ரேடியோதான் கைகொடுத்தது. சுவிட்சைப் போட்டதும் பாடாது. பின்பக்க அட்டையின் ஓட்டை வழியாகப் பார்த்தால் இழை மெல்லச் சிவக்கும், அட்டை சுடும், பிறகுதான் குரல் வரும். அப்படி ஏறத்தாழ 18,000 வால்வுகள் ஒரே அறையில் எரிந்தால் அதுதான் 1946இன் எனியாக் கணினி. சூடு, மின்செலவு, அடிக்கடி பழுது எல்லாம் தானாக வந்துவிடும்.

கடைசி வாரம் புதிதாக எதையும் தொடாதீர்கள். அந்த இரண்டு பத்தியை மட்டும் தினமும் பார்க்காமல் எழுதுங்கள்.

இந்த முறை ஐசி வந்தது. 1958, 1964 இரண்டுமே விடைகளில் இருந்தன. கேள்வியில் ‘கண்டுபிடிக்கப்பட்ட’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு 1958ஐக் கறுப்பாக்கினேன்.