காலிமுகத்திடலில் சனிக்கிழமைகள்

3 ஆகஸ்ட் 2024

வீட்டு வன்முறையால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு நேரம் கழிக்கும் தொண்டனாகச் சேர்ந்திருக்கிறேன். இன்று கொழும்புக் காலிமுகத்திடலில் ஒரு பையனோடு முதல் சந்திப்பு. பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது: திறந்த வெளியில் மட்டும் சந்திக்க வேண்டும், படம் எடுக்கக்கூடாது, தகப்பனைப் பற்றி நாமாகக் கேட்கக்கூடாது, "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது.

பையனுக்குப் பதினொரு வயது. பெயர் வேண்டாம், தம்பி என்றே இருக்கட்டும். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறியதிலிருந்து வாயே திறக்கவில்லை. இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். மேலே இருந்த இறாலை மட்டும் பிய்த்துக் கடதாசியில் மடித்துக்கொண்டான். தங்கச்சிக்காம்.

10 ஆகஸ்ட்

மழை. சந்திப்பு இல்லை.

17 ஆகஸ்ட்

பட்டம் விட்டோம். நல்ல காற்று, எங்கள் ஊரில் சோளகம் என்போம். நூல் சிக்கியது. "விடு, விடு!" என்று கத்தினேன். கொஞ்சம் தளர்த்து என்ற அர்த்தத்தில்தான். அவன் கட்டையையே விட்டுவிட்டான். காற்று கடலிலிருந்து அடித்ததால் பட்டம் காலி வீதியைத் தாண்டிப் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். "வேணும்னு செய்யல்ல அங்கிள்." மூன்று தரம் சொன்னான். பட்டம் 150 ரூபாய். என் தொண்டையை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.

24 ஆகஸ்ட்

கூட்டிப்போக வந்த அம்மா கொஞ்ச நேரம் பேசினார். நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, விசாரணைக்குப் பிறகு கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதம். "அதுக்குப் பிறகு, தம்பி?" என்று என்னைக் கேட்டார். திரும்பவும் விண்ணப்பிக்கலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்போம் என்றேன். உருப்படியான பதில் இல்லைதான்.

சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவித் தொலைபேசி இலக்கமான 1929ஐப் பையன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். 1900 + 29 என்று, கணக்கு மாதிரி. கெட்டிக்காரன்.

31 ஆகஸ்ட்

பஸ்ஸில் அவனாகவே ஆரம்பித்தான். தங்கச்சி பென்சிலை உடைத்துவிட்டாளாம், கத்தினானாம். "அவ கையைப் பின்னால கட்டிக்கிட்டா அங்கிள். நான் அப்பா மாதிரியே கத்திட்டேன்."

நானும் அன்றைக்குப் பட்டத்துக்குக் கத்தினேனே, அது பிழை என்றேன். யோசித்தான். "ஆனா நீங்க பிறகு வேற பட்டம் வாங்கினீங்க" என்றான். எனக்கே மறந்துபோயிருந்தது.

இன்று இரண்டு வடை கேட்டான். ஒன்றைச் சாப்பிட்டான். மற்றதை முழுசாக மடித்துக்கொண்டான், இறாலோடு.