லெவல் குறைவாகத்தான் இருந்தது, ஆனாலும் கிழிந்தது

மதுரைப் பக்கம் கல்யாண ரிசப்ஷன்களுக்கு டிஜே போடுகிறேன். போட்டதை ரெக்கார்ட் செய்து மறுநாள் கேட்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கேட்டால்தானே எங்கே பீட் இடறியது என்று தெரியும்? கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். உருப்படியான ரெக்கார்டிங் கிடைக்க நான்கு கல்யாணம் ஆனது.

முதல் கல்யாணத்தில் மிக்ஸரின் மாஸ்டர் அவுட்டிலிருந்து (ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் போகும் வெளியீடு) நேராக ரெக்கார்டரின் மைக் இன்னுக்குக் (மைக் செருகும் துளை) கேபிள் போட்டேன். மண்டபத்தில் சத்தம் சுத்தமாக இருந்தது. வீட்டில் ஹெட்போனில் கேட்டால், ஒவ்வொரு கிக்குக்கும் (டிரம்மின் 'டம்' அடி) சாக்கு கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று மணி நேரமும் அப்படியே.

சரி, லெவல் ஜாஸ்தி போல என்று அடுத்த முறை ரெக்கார்டரின் லெவலை இறக்கி வைத்தேன். மீட்டர் -6 டெசிபெலைத் தாண்டவே இல்லை (அதில் 0தான் உச்சம்). அப்படியும் கிழிந்தது. கம்ப்யூட்டரில் அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அலைகளின் தலை கத்தரித்த வேலி மாதிரி தட்டையாக இருந்தது. ஆனால் உச்சியில் அல்ல, பாதி உயரத்திலேயே. லெவலைக் குறைக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே வெட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். மைக் இன் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். +4 டிபியூ (தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான அளவு) மாஸ்டர் அவுட் தருவது 1.23 வோல்ட், கிக் விழும்போது அதற்கும் மேலே. நுழையும்போதே நசுங்கியதை அப்புறம் குறைத்தால், நசுங்கியதுதான் சின்னதாகக் கிடைக்கும்.

மூன்றாவது கல்யாணத்துக்கு, ரெக்கார்டிங்குக்கென்றே மிக்ஸரில் இருக்கும் ரெக் அவுட்டுக்கு மாறினேன். இரண்டு ஆர்சிஏ பின், மறுமுனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின். ரெக்கார்டரின் மெனுவில் மைக்கை லைனாக, அதாவது மிக்ஸர் மாதிரி கருவிகள் தரும் பெரிய சிக்னலுக்கு, மாற்றினேன். ரெக் அவுட்டின் அளவு பெரும்பாலும் -10 டிபிவி (வீட்டுக் கருவிகளின் வழக்கமான அளவு), அதாவது சுமார் 0.3 வோல்ட். முதல் ஒரு மணி நேரம் அருமை. அதற்குப் பிறகு மறுபடியும் கிழிசல்!

இந்த முறை தப்பு ரெக்கார்டரில் இல்லை, என் கையில். கூட்டம் ஆட ஆரம்பித்ததும் சத்தம் போதவில்லை என்று சேனல் டிரிம்மை, அதாவது பாட்டு மிக்ஸருக்குள் நுழையும் அளவை வைக்கும் திருகை, ஏற்றியிருக்கிறேன். சிவப்பு எரிவதைப் பார்த்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன் தன் மிக்ஸரில் இறக்கியிருக்கிறார். நான் திரும்ப ஏற்ற, அவர் திரும்ப இறக்க, இரவு முழுக்க இதே கதை. சாமான் ஏற்றும்போது அவரே சொன்னார்: "தம்பி, நீ ஏத்த ஏத்த நான் இறக்கிக்கிட்டே இருந்தேன். சத்தம் வேணும்னா என்கிட்ட கேளு, அங்க திருகாத." நடுவில் நான் மாஸ்டரைக் கொஞ்சம் குறைத்தும் பார்த்தேன். பிரயோஜனமில்லை. என் மிக்ஸரில் ரெக் அவுட் மாஸ்டர் திருகுக்குக் கட்டுப்படாது, சேனலில் கெட்டது அப்படியே போய்ச் சேரும்.

நான்காவது கல்யாணத்தில் கூட்டம் வருமுன்பே உட்கார்ந்து லெவல் வைத்தேன். லிஸ்டிலேயே அதிகம் இரையும் குத்துப்பாட்டைப் போட்டு, பேஸையும் ஏற்றி, சேனல் மீட்டர் பச்சை தாண்டி மஞ்சளைத் தொட்டதும் டிரிம்மை நிறுத்தினேன். இரண்டு பாட்டைச் சேர்த்து ஓட்டியபோது ரெக்கார்டர் -12 டெசிபெலில் நின்றது. பேஸ் இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் 6 டெசிபெல் வரை எகிறும் என்பதால் ஒன்றை இறக்கிவிட்டுத்தான் மற்றதை ஏற்றுவேன். சத்தம் குறைவாகப் பதிவான எண்பதுகளின் பாட்டு வந்தால் அதன் டிரிம் மட்டும் கொஞ்சம் மேலே, இன்றைய பாட்டு அடுத்து வந்தால் மறக்காமல் கீழே. மறப்பது இங்கேதான்.

24 பிட் வேவ் ஃபைல், மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. -12 என்பது குறைவாகத் தெரியும், பரவாயில்லை, வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ரெக்கார்டரே லெவலை மாற்றும் ஆட்டோ லெவல் பக்கம் போகவே வேண்டாம், சத்தம் ஏறி இறங்கிப் பாட்டு மூச்சு வாங்கும். லெவல் எகிறினாலும் ஃபைலில் வெட்டு விழாத 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் கவலையில்லை என்கிறார் நண்பர் ஒருவர். மிக்ஸரில் வெட்டுப்பட்டு வருவதை அது என்ன செய்யும்?

அன்றைய நான்கு மணி நேரமும் சுத்தமாக வந்தது, மெல்லிய 'ம்ம்ம்' இரைச்சல் ஒன்றைத் தவிர. ரெக்கார்டருக்கு நான் செருகியிருந்த சார்ஜர்தான் காரணம். இப்போது பேட்டரியில் ஓட்டுகிறேன்.