‘எப்போது வரும்?’ என்று கேட்பதை விட்டேன்

அப்பாவுக்கு வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டயாலிசிஸ். வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில்தான் அழைத்துப்போய் வந்தேன். 2021 மே 10 அன்று முழு ஊரடங்கு தொடங்கி பஸ் நின்றது. ஏழு வாரத்தில் பதினான்கு முறை வாடகை கார் எடுத்தோம். காத்திருப்பும் சேர்த்து ஒரு முறைக்கு 1,400 ரூபாய். பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக்கிழமை, வருகிறேன் என்று சொன்ன ஓட்டுநர் வரவில்லை. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கடன் வாங்கியாவது ஒரு கார் வாங்கிவிடுவது என்று அன்று இரவு முடிவு செய்தேன்.

ஜூலை 12 அன்று 11,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். உயர்ந்த வேரியன்ட் (ஒரே காரில் வசதிகள் கூடிய வகை), ஆட்டோமேட்டிக் கியர், பெரிய தொடுதிரை, வெள்ளை நிறம். ஷோரூம் விலை 9,84,000 ரூபாய். “பத்தே வாரம், அண்ணே. ஆயுத பூஜைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்” என்றார் விற்பனைப் பிரிவிலிருந்த தம்பி. நம்பினேன். கார் என் கைக்கு வந்தது 2022 மே 25 அன்று. இடையில் 317 நாட்கள். எந்த நிறுவனம், எந்த டீலர் என்பதை எழுதப்போவதில்லை. அந்த ஆண்டு ஏறக்குறைய எல்லா ஷோரூமிலும் இதே நிலைதான்.

ஆகஸ்ட் முழுக்க ‘அடுத்த வாரம்’ என்ற பதில் வந்தது. செப்டம்பரில் தொலைபேசியை எடுப்பதே குறைந்தது. அதற்குச் சற்று முன்பு, ஆகஸ்ட் கடைசி நாளில்தான், நாட்டிலேயே அதிகமாகக் கார் விற்கும் மாருதி சுசுகி, காரின் மின்னணுப் பாகங்களை இயக்கும் சிப்புகளின் தட்டுப்பாட்டால் செப்டம்பர் உற்பத்தி வழக்கத்தில் நாற்பது சதவீத அளவுக்கே இருக்கும் என்று அறிவித்திருந்தது. நான் பதிவு செய்தது அவர்களிடம் அல்ல. ஆனாலும் அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், என்னிடம் சொல்லப்பட்ட தேதிக்கு எந்த அடிப்படையும் இருந்திருக்காது என்று புரிந்தது. எனக்குக் கோபம் வந்தது தாமதத்தின் மேல் அல்ல. தெரியாத தேதியைத் தெரிந்ததுபோல் சொன்னதன் மேல்தான். கார் வராது என்று தெரிந்திருந்தால் பழைய கார் ஒன்றையாவது பார்த்திருப்பேன்.

அப்பா முப்பத்தொரு வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். டயாலிசிஸ் ஊசி ஏறியிருக்கும் நான்கு மணி நேரமும் நாளிதழை வரி விடாமல் படிப்பார். சிப் செய்தி வந்தால் எனக்காக மடித்து வைப்பார். 2020 ஏப்ரலில் ஊரடங்கால் உள்நாட்டில் கார் விற்பனையே இல்லாமல் போனது. வெளிநாடுகளிலும் விற்பனை சரிந்ததால் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களைக் குறைத்துவிட்டன. வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு என்றானதும், அந்த இடத்தை மடிக்கணினிக்கும் கைப்பேசிக்குமான சிப்புகள் பிடித்துக்கொண்டன. மக்கள் மறுபடி கார் கேட்டபோது கார்க்காரர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஒரு சிப் சிலிக்கான் தகடாகத் தொடங்கி முழுமையாக வெளிவர மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். ஆகவே இன்று கேட்டு நாளை வாங்கிவிட முடியாது. போதாக்குறைக்கு 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் பனி, மின்வெட்டு, அங்கிருந்த சிப் ஆலைகள் மூடல். மார்ச் 19 அன்று ஜப்பானில் சிப் தயாரிக்கும் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாக்கா ஆலையில் தீ. ஜூனிலிருந்து மலேசியாவில் ஊரடங்கு.

மலேசியாவைத்தான் அப்பா எனக்கு விளக்கமாகச் சொன்னார். தைவானில் வடித்தெடுத்த சிப்பை அப்படியே காரில் பொருத்த முடியாது. அதை வெட்டி, உறையிட்டு, சோதித்துத் தர வேண்டும். அந்த வேலையில் கணிசமான பங்கு மலேசியாவில் நடக்கிறது. ஜொகூர் மாநிலத்து மூவாரில் ஓர் ஆலையில் கொரோனா பரவி வேலை தடைப்பட்டதால், உலகம் முழுக்கக் கார் ஆலைகள் அடிவாங்கின. “மூவாரில் ஒரு கதவு சாத்தினால் வேடசந்தூரில் நம் வாசல் காலியாகக் கிடக்கிறது, பார்” என்றார். பாடம் நடத்தும் குரலில் அவர் பேசிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஷோரூமுக்கே போய் மேலாளரைக் கேட்டு உட்கார்ந்தேன். ஆறு கார் நிற்கும் கூடத்தில் ஒரே ஒரு கார்தான் நின்றது. அதுவும் காட்சிக்கு வைத்தது. என்னிடம் பதிவு எடுத்த தம்பி வேலையை விட்டுப் போயிருந்தார். வண்டி போனால்தான் அவர்களுக்கு ஊக்கத்தொகை. வண்டியே இல்லாதபோது அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை என்று போய்விட்டாராம். அந்தப் பத்து மாதத்தில் என் கோப்பு மூன்று பேர் கை மாறியது.

மேலாளரிடம் எப்போது வரும் என்று கேட்கக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். “என் காரில் என்ன பாகம் வரவில்லை, சார்?” என்று கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதுவரை கிடைக்காத உண்மை அரை மணி நேரத்தில் கிடைத்தது. நான் கேட்ட வேரியன்ட்டில் தடை இரண்டு இடத்தில்: தொடுதிரை, ஆட்டோமேட்டிக் கியருக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி. அந்த வேரியன்ட் அவர்களுக்கு மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. எனக்கு முன்னால் பதினான்கு பேர். அதே கார், கையால் கியர் மாற்றும் நடுத்தர வேரியன்ட் என்றால் மாதம் நான்கு வருகிறது. கார் தட்டுப்பாடு என்று ஒரே சொல்லாக நாம் சொல்வது உள்ளே வேரியன்ட்டுக்கு ஒன்றாக, நிறத்துக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கிறது. காத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

வரிசை எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது என்று அவரே சொன்னார். பலர் திண்டுக்கல்லில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பதிவு செய்துவிட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். பதினான்கு பேரில் நான்கைந்து பேர் உண்மையில் இருக்கமாட்டார்கள். சிப்புக்கும் கார் நிறுவனங்கள் இப்படித்தான் தேவைக்கு அதிகமாக ஆர்டர் போடுவதாக அப்பா மடித்து வைத்த செய்தி ஒன்றில் படித்திருந்தேன்.

அன்றே வேரியன்ட்டை மாற்றியிருக்க வேண்டும். என் மனைவியும் ஓட்ட வேண்டும் என்பதால் ஆட்டோமேட்டிக்தான் என்று பிடிவாதமாக இருந்தேன்.

டிசம்பர் 20 வாக்கில் ஒரு அழைப்பு. நான் கேட்ட வேரியன்ட் வந்திருக்கிறது, ஆனால் சிவப்பு. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மறுத்து, முறை என்னிடம் வந்திருந்தது. மார்கழியில் யாரும் புது வண்டி எடுக்க விரும்புவதில்லை. அத்துடன் டிசம்பரில் எடுக்கும் கார் பத்து நாளில் ‘போன வருடத்து வண்டி’ ஆகிவிடும், பின்னால் விற்கும்போது விலை குறையும் என்ற கணக்கும் உண்டு. வண்டி கிடைக்காத காலத்தில் மார்கழியும் ஆடியும்தான் வரிசை வேகமாக நகரும் மாதங்கள். அம்மா தை பிறக்கட்டும் என்றார். நானும் வேண்டாம் என்றேன்.

ஜனவரி பிறந்ததும் விலை ஏறியது. 9,84,000 என்பது 10,12,000 ஆனது. டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும் என்று பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது, நான் கையெழுத்தும் போட்டிருந்தேன். 28,000 ரூபாய்தானே என்று நினைத்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் வயிறு கலங்கியது. அப்போது தமிழ்நாட்டில் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி பத்து சதவீதம், அதைத் தாண்டினால் பதினைந்து. 98,400 கட்ட வேண்டிய இடத்தில் 1,51,800. பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு வருமான வரிக் கணக்கில் ஒரு சதவீதம் பிடித்தமும் உண்டு, அது 10,120. கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும், ஆனால் கையிலிருந்து முதலில் எடுத்து வைக்க வேண்டும். ஆக 28,000 ரூபாய் விலையேற்றம் எனக்கு 91,520 ரூபாயாக வந்து நின்றது. இந்த எல்லைக்கு அருகில் இருக்கும் காரைப் பதிவு செய்பவர்கள் தாமதத்தின் விலையை இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். வரி விகிதங்கள் பின்னர் மாறிவிட்டன, ஆனால் அடுக்கு முறை மாறவில்லை.

மனைவியிடம் காகிதத்தைக் காட்டினேன். “கிளட்சுக்குக் கால் பழகிவிடும். மாமா இன்னும் எத்தனை நாள் வாடகைக் காருக்குக் காத்திருப்பார்?” என்றாள். நடுத்தர வேரியன்ட்டுக்கு மாற்றச் சொன்னேன்.

அங்கே ஒரு புதுச் சிக்கல். வேரியன்ட்டை மாற்றினால் கணினி அதைப் புதிய பதிவாக எடுத்துக்கொள்ளும், வரிசையின் கடைசிக்குப் போவீர்கள் என்றார்கள். ஜூலையிலிருந்து காத்திருப்பவனை ஜனவரியில் வந்தவனுக்குப் பின்னால் நிறுத்துவது எந்த வகையில் நியாயம்? ஒரு வாரம் விடவில்லை. பதிவு ரசீது, பணம் கட்டியதற்கான வங்கிச் சான்று, நிறுவனத்திடமிருந்து நேரடியாக வந்த பதிவு எண் குறுஞ்செய்தி மூன்றையும் இணைத்து மேலாளருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். பழைய பதிவுத் தேதியே தொடரும் என்று எழுத்தில் பதில் வாங்கினேன். டீலர் தரும் ரசீது மட்டும் போதாது. நிறுவனத்தின் கணினியில் நம் பெயர் ஏறிய பதிவு எண்தான் அன்று என்னைக் காப்பாற்றியது. புதிய வரிசையில் என் இடம் பத்தொன்பது.

கடன் விஷயத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த மாதமே வங்கியில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிட்டேன். அந்த ஒப்புதல் மூன்று மாதத்தில் காலாவதியானது. மறுபடி விண்ணப்பம், மறுபடி ஆவணங்கள், கடன் மதிப்பெண்ணில் மறுபடி ஒரு விசாரணைப் பதிவு. நமக்கு வரும் காரின் சேஸிஸ் எண் (அந்த வண்டிக்கே உரிய அடையாள எண்) ஒதுக்கப்பட்ட பிறகு விண்ணப்பித்தால் போதும். அப்போதும் நேரம் என் பக்கம் இல்லை. 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்தியது. என் சேஸிஸ் எண் வந்தது மே 11. முதலில் 7.5 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்ட வங்கி, இப்போது 7.9 என்றது.

சேஸிஸ் எண்ணைச் சொல்ல ஷோரூமிலிருந்து வந்த அழைப்புடன் ஒரு நிபந்தனையும் வந்தது. 35,000 ரூபாய்க்கு உதிரி அலங்காரப் பொருட்களையும், அவர்களிடமே காப்பீட்டையும் எடுத்தால் வண்டியை உடனே தரலாம், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போகலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். இத்தனை மாதம் பொறுத்திருந்த நான் அன்றுதான் சத்தம் போட்டேன். ஊரே வண்டிக்குத் தவிக்கும்போது அந்தத் தவிப்பை விலைக்கு விற்பதை மன்னிக்க முடியாது. காப்பீட்டை எங்கே வாங்குவது என்பது வாங்குபவரின் உரிமை. சொன்னதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் மேலாளரே அழைத்து, அப்படி எந்த நிபந்தனையும் இல்லை என்றார்.

முழுப் பணம் கட்டுவதற்கு முன் காரை அவர்களுடைய கிடங்கில் போய்ப் பார்த்தேன். சேஸிஸ் எண்ணை விலைப்பட்டியலோடு ஒப்பிட்டேன். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரித்த மாதம் மார்ச் 2022 என்று இருந்தது. மே மாதத்தில் வந்த காருக்கு ஏன் மார்ச் என்று கேட்டேன். ஒரு பாகத்துக்காக ஆலை வளாகத்திலேயே சில வாரம் நின்றிருக்கிறது என்றார்கள். வெயிலில் நின்ற வண்டி என்பதால் பேட்டரியைச் சோதிக்கச் சொன்னேன். வலுவிழந்திருந்தது. மாற்றிக் கொடுத்தார்கள். தட்டுப்பாட்டுக் காலத்து வண்டியில் கட்டாயம் பார்க்க வேண்டியவை பேட்டரியும் டயரும்.

விலை ஏப்ரலில் ஒருமுறை ஏறியதையும் சேர்த்து 8,86,000. வரி 88,600. நிறம் சாம்பல். வெள்ளைக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள், யார் காத்திருப்பது?

சாவி ஒன்றுதான் கொடுத்தார்கள். இரண்டாவது சாவிக்குள் இருக்கும் சிப் வரவில்லை, வந்ததும் தருகிறோம் என்று கடிதம் தந்தார்கள். மே 27, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு அப்பாவை முன் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டேன். எரியோடு சாலைப் பிரிவு வரை பேசாமல் வந்தவர், “தொடுதிரை இருந்திருந்தால் இதில் படம் தெரிந்திருக்குமா?” என்று கேட்டார். தெரிந்திருக்கும் என்றேன். “தேவையில்லை, வெளியிலேயே நன்றாகத் தெரிகிறது” என்றார்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அடுத்த சாவியும் வந்தது. அதை மனைவி வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது அவள்தான் அப்பாவை அழைத்துப்போகிறாள்.