‘மனைவியோ கணவனோ’ன்னுதான் சட்டத்துல இருக்கு

பேமிலி கோர்ட் கேஸ் பார்க்க ஆரம்பிச்சு பதினாலு வருஷம் ஆகுது. எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இடைக்கால ஜீவனாம்ச மனுவுக்கு ஒரு மாடல் கிடக்கு, சீனியர் காலத்துல இருந்து வர்றது, பேரு ஊரு தேதி தொகை மட்டும் மாத்தி பிரிண்ட் எடுத்துருவோம். அதுல மனுதாரர் எப்பவும் மனைவிதான். போன வருஷம் ஒரு கணவருக்காக அதையே மாத்தி அடிக்க வேண்டியிருந்துச்சு. எல்லாம் சரியா மாத்தியாச்சுன்னு நினைச்சு கையெழுத்துக்கு நீட்டினா, நாலாவது பாராவுல "என் கணவர் என்னைப் பராமரிக்கத் தவறிவிட்டார்"னு அப்படியே இருக்கு. அவர் அந்த வரி மேல விரலை வச்சு மெதுவா படிச்சாரு. "என்னைய இப்படித்தானே மேடம் கோர்ட்ல எல்லாரும் பாப்பாங்க"ன்னாரு. அன்னிக்கு கையெழுத்து போடல, கிளம்பிட்டாரு.

அவர் பெயிண்டர். 2021ல ஒரு கட்டடத்துல சாரம் சரிஞ்சு விழுந்து முதுகுத்தண்டுல அடி, இடுப்புக்குக் கீழ உணர்வு கிடையாது. மனைவி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். ரெண்டு பிள்ளைகளும் அவங்ககிட்ட. விவாகரத்து மனு போட்டது அவங்கதான், நோட்டீஸ் வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆட்டோல வந்தாரு. அந்தம்மா "எம்மருமக கெட்டவ இல்ல தாயி, அவளும் எவ்வளவு நாள்தான் பாப்பா"ன்னு சொன்னாங்க, அதுக்கு மேல பேச முடியல. மூணு வருஷம் ட்யூப் மாத்தி, புண்ணுக்கு மருந்து போட்டு, நைட் டூட்டியும் பார்த்த ஒரு பொண்ணை நானும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கேஸ் நடக்கிற வரைக்கும் இவர் எதை வச்சு சாப்பிடுறது, வக்கீலுக்கு எங்க போறது, வாய்தாவுக்கு வாய்தா ஆட்டோவுக்கு யார் குடுக்கிறது?

1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் செக்ஷன் 24 இந்தக் கேள்விக்குத்தான் இருக்கு. மனைவியோ கணவனோ, யாருக்குத் தன் பிழைப்புக்கும் வழக்குச் செலவுக்கும் போதுமான தனி வருமானம் இல்லையோ அவங்க கேட்கலாம், எதிர்த்தரப்போட வருமானத்தையும் பார்த்து நியாயமா ஒரு தொகையை கோர்ட் சொல்லும். மூல வழக்குல யார் மேல தப்புங்கிற பேச்சுக்கே இங்க பெருசா இடமில்ல. இதையே கிரிமினல் பக்கம் போய்க் கேட்க முடியாது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்து 125லயும் சரி, 2024 ஜூலையில இருந்து வந்திருக்கிற புது சட்டத்து 144லயும் சரி, மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்க மட்டும்தான். அதனால எங்கிட்ட எந்த ஆம்பளை வந்தாலும் முதல்ல கல்யாணம் எந்தச் சட்டத்துல நடந்துச்சுன்னு கேட்பேன். இவருக்கு கோயில்ல வச்சு தாலி கட்டினது, அதனால 24 உண்டு. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல பண்ணியிருந்தா அந்த 1954 சட்டத்துல செக்ஷன் 36 மனைவிக்கு மட்டும், கிறிஸ்தவங்களோட விவாகரத்துச் சட்டத்துலயும் அப்படியே. ஒரே மாதிரி சாரத்துல இருந்து விழுந்த ரெண்டு பேருல ஒருத்தருக்கு கிடைக்கும், இன்னொருத்தருக்கு கிடைக்காது, இது எனக்கு இன்னிக்கு வரைக்கும் சரியாப் படல.

பத்து நாள் கழிச்சு அவரே போன் பண்ணாரு. "அம்மா என்னோட மாத்திரைய வாங்கிட்டு தன்னோட பிரஷர் மாத்திரைய வாங்காம வந்துருச்சு மேடம், கையெழுத்து போடுறேன், ஆனா பணத்தை அவ கையால குடுக்க வேண்டாம்"னாரு. பேங்க்லதான் வரும்ணேன்னு சொன்னேன்.

2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பு குடுத்ததுக்கு அப்புறம் ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்ல சொல்லியே ஆகணும். அவர் வீட்டுக் கட்டில் பக்கத்துல உட்கார்ந்துதான் அதை எழுதினோம். மாசத்துக்கு எத்தனை யூரின் பேக், எத்தனை டயாபர், காட்டன் ரோல், தண்ணி மெத்தைக்கு எவ்வளவு. ‘பொழுதுபோக்கு’ங்கிற இடம் வந்ததும் ஒண்ணுமில்லைன்னாரு, கொஞ்சம் கழிச்சு "செல்லுக்கு ரீசார்ஜ் போடுவேன், பிள்ளைங்க வீடியோ கால்ல வருவாங்க"ன்னாரு. அதையும் எழுதினேன்.

பதில் மனுவுல எதிர்த்தரப்பு வக்கீல் ரெண்டு விஷயம் வச்சாரு. ஆம்பளை உழைச்சுதான் சாப்பிடணும்ங்கிறது ஒண்ணு, அவருக்கு மாசம் 2,000 உதவித்தொகை வருது, அதனால தனி வருமானம் இருக்குங்கிறது இன்னொண்ணு. நான் ‘போதுமான’ங்கிற அந்த ஒரு வார்த்தைல நின்னேன், கூடவே மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டையும் மருந்துக்கடை பில்லையும் வச்சேன். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைச்ச நாள்ல இருந்து முடிஞ்ச வரை 60 நாளைக்குள்ள முடிக்கணும்னு 2001 திருத்தத்துல இருக்கு, எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு. மனைவியோட வீட்டு லோன், பிள்ளைங்க ஸ்கூல் பீஸ் எல்லாம் கழிச்சு, மனு போட்ட தேதியில இருந்து மாசம் 6,000, வழக்குச் செலவுக்கு 15,000னு ஆர்டர். எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு.

இந்த ஆர்டர் விஷயம் வெளிய பரவினதும் இன்னொருத்தர் வந்தாரு, நல்ல கம்பெனில சூப்பர்வைசர், மனைவி பேங்க்ல, வேலைய விட்டுட்டா மெயின்டெனன்ஸ் கேக்கலாமான்னாரு. மத்தியப் பிரதேச ஹைகோர்ட் ரொம்ப முன்னாடியே ஆட்டோ ஓட்டுறதை வேணும்னே நிறுத்திட்டு மனைவிகிட்ட கேட்டு வந்த ஒரு கணவருக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கு. அதைச் சொல்லி, இந்த மனுவை நான் போட மாட்டேன்னு அனுப்பிட்டேன். இவர மாதிரி ஆளுங்களாலதான் நிஜமா முடியாம கிடக்கிறவங்களும் கோர்ட்ல சந்தேகத்தோட பார்க்கப்படுறாங்க.

ஆனா எனக்கு மனசுல உறுத்துறது இன்னொருத்தர். ஒரு ஏழெட்டு வருஷம் முன்னாடி, ஆட்டோ டிரைவர், வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ், மனைவி டீச்சர். அவருக்கு நான்தான் ஆஜரானேன். ஒரு தடவைகூட செக்ஷன் 24ன்னு அவர்கிட்ட வாயைத் திறக்கல, கணவனுக்கும் உண்டுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் தோணல. மோதிரத்தை அடகு வச்சுதான் என் பீஸைக் குடுத்தாரு. அவங்க கேட்டபடி விவாகரத்து ஆயிருச்சு. வழக்கு முடிஞ்சா 24ம் முடிஞ்சுது. ஆனா நிரந்தர ஜீவனாம்சத்துக்கு செக்ஷன் 25 இருக்கு, அதுவும் ரெண்டு பேருக்கும்தான், தீர்ப்பு ஆகும்போதோ அதுக்கு அப்புறம் எப்ப வேணாலுமோ கேட்கலாம், அவர் மறுமணம் பண்ணியிருக்கக் கூடாது.

அவரோட பழைய கேஸ் கட்டைத் தேடி எடுத்தேன். அதுல இருந்த நம்பர் உபயோகத்துல இல்ல. வக்காலத்துல இருக்கிற அட்ரஸைக் குறிச்சு குமாஸ்தா அண்ணன்கிட்ட குடுத்திருக்கேன், திங்கக்கிழமை போய்ப் பார்த்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு.