மலேரியாக் கிருமியும் நீலமாய் ஒளிர்ந்த கடலும் சொந்தக்காரர்கள்

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உயிரியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "மாமா, இந்த புரோட்டிஸ்டா எனக்குப் புரியவே இல்ல. விலங்கு இல்ல, தாவரம் இல்ல, பூஞ்சை இல்ல, பாக்டீரியாவும் இல்லன்னு எல்லாமே இல்லதான். அப்ப அது என்னதான் மாமா?"

நல்ல கேள்வி. உட்கரு உள்ள உயிர்களில் விலங்கு, நிலத்தாவரம், பூஞ்சை மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் நிற்கிற அத்தனைக்கும் புரோட்டிஸ்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரும்பாலானவை ஒரே செல் கொண்டவை, ஆனால் கடலுக்கடியில் மரம் போல வளரும் கெல்ப் என்ற பழுப்புப் பாசியும் இதில் சேர்த்திதான். 1866இல் ஜெர்மனியின் எர்னஸ்ட் ஹெக்கல், தாவரம் விலங்கு இரண்டிலும் அடங்காதவற்றுக்காகப் புரோட்டிஸ்டா என்று மூன்றாவது உலகம், அதாவது உயிர்களின் பெரும்பிரிவு ஒன்றை வைத்தார், பாக்டீரியாவையும் அதிலேயே போட்டார். 1969இல் விட்டேக்கர் சொன்ன ஐந்து உலக வகைப்பாட்டைத்தான் நாம் பள்ளியில் படிக்கிறோம்.

வீட்டில் பரண் இருக்கும் இல்லையா, பழைய குத்துவிளக்கு, கிழிந்த பாய், கொலு பொம்மை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒரே பரணில் இருப்பதால் அவற்றுக்குள் உறவு வந்துவிடாது. புரோட்டிஸ்டாவும் அப்படித்தான். மரபணுக்களை வரிசைப்படுத்தி ஒப்பிட ஆரம்பித்த பிறகு உண்மையான சொந்தபந்தம் தெரியவந்தது. 2005இல் புரோட்டிஸ்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட வகைப்பாட்டில் உலகங்களையே விட்டுவிட்டு, உட்கரு உள்ள எல்லா உயிர்களையும் ஆறு பெருங்கூட்டங்களாகப் பிரித்தார்கள். அதில் நாமும் பூஞ்சையும் ஒரே கூட்டம், கூடவே காலர் போன்ற வளையமும், சவுக்கு போல நீண்ட ஒற்றைக் கசையிழையும் கொண்ட கொயனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிரியும் உண்டு, விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். அந்த ஆறும் அப்படியே நிற்கவில்லை, புதுப்புது மரபணுத் தகவல் வர வர இன்றும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதெல்லாம் அவளுக்குப் புரிந்தது ஒரு கண்ணாடி பாட்டிலை வைத்துத்தான். ரெட்டேரித் தண்ணீரில் கொஞ்சம் வைக்கோல் போட்டு சில நாள் வைத்திருந்தேன். காகிதத்தில் மடித்துச் செய்யும் நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது, ஃபோல்ட்ஸ்கோப், மனு பிரகாஷ் என்ற விஞ்ஞானியின் குழு உருவாக்கியது. அதில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் செருப்பு வடிவத்தில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரிகள் உருண்டு உருண்டு ஓடுகின்றன, மேலெல்லாம் குறு இழை, துடுப்புப் போடுவது போல. அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் சொன்னேன், இந்தப் பாரமீசியத்தின் சொந்தக்காரன் ஒருவன் என் உடம்புக்குள்ளேயே இருந்தான் என்று. நான் ஏழாவது படிக்கும்போது மலேரியா வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம், மூன்று போர்வை போட்டும் அடங்காது, அம்மா ராத்திரியெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் பக்கம் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும்தான், அதாவது நல்ல தண்ணீரில். அந்தக் கொசு கொண்டுவந்து விட்ட பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் வளர்ந்து பெருகி, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நேரம்தான் குளிர் நடுக்கம்.

இன்னொரு சொந்தமும் உண்டு. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் அலை உடையும்போதெல்லாம் நீலமாய் ஒளிர்ந்ததே, வண்டியை எடுத்துக்கொண்டு நடுராத்திரி போய்ப் பார்த்தேன். அது நாக்டிலூக்கா என்ற ஒருசெல் உயிரி, கசையிழை கொண்ட டைனோஃபிளாஜெல்லேட் வகை. வைக்கோல் தண்ணீரில் நீந்துவது, கடலில் ஒளிர்வது, எனக்குக் காய்ச்சல் கொடுத்தது, மூன்றும் ஆல்வியோலேட்டா என்ற ஒரே கூட்டம். செல் சவ்வுக்கு அடியில் தட்டையான சிறு பைகள் அடுக்கியிருப்பது இந்தக் கூட்டத்தின் அடையாளம். இடப்பெயர்ச்சி உறுப்பை வைத்து மட்டும் பிரித்த காலத்தில், குறு இழை ஒரு பக்கம், கசையிழை ஒரு பக்கம் என்று இவற்றைத் தனித்தனியாக வைத்திருந்தார்கள்.

என்னை இன்றைக்கும் அசரவைப்பது வேறு ஒன்று. ரத்தத்துக்குள் இருட்டில் வாழ்கிற பிளாஸ்மோடியத்துக்குள் ஒரு கணிகம் இருக்கிறது, செடியின் பச்சை இலையில் ஒளிச்சேர்க்கை செய்கிறதே, அந்த வகை உறுப்பு! எப்போதோ அதன் மூதாதை ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி உள்ளேயே வைத்துக்கொண்டது, ஒளிச்சேர்க்கை போய்விட்டது, கணிகம் மட்டும் தங்கிவிட்டது, பெயர் ஏபிகோபிளாஸ்ட். அது இல்லாமல் அந்தக் கிருமியால் பிழைக்க முடியாது. பாக்டீரியாவுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் மலேரியாவிலும் வேலை செய்வது இதனால்தான், ஏனென்றால் கணிகங்களே ஆதியில் பாக்டீரியாவிலிருந்து வந்தவை.

"அப்ப பரீட்சையில என்ன மாமா எழுதறது?" என்றாள். புத்தகத்தில் உள்ள ஐந்து உலகத்தையே எழுதச் சொன்னேன், அதைத்தான் கேட்பார்கள்.

நீங்களும் பாட்டில் வைத்துப் பாருங்கள். குளத்து நீர், கைப்பிடி வைக்கோல், நிழல். மூடியை இறுக்காதீர்கள், கொசு போகாதபடி மெல்லிய துணி கட்டுங்கள்.